12 பேருக்கும் ஒரே அளவு வீல்சேர் கொடுக்கலாமா?

கேள்வி:
நன்கொடையாக 12 மடக்கு வீல்சேர் வருகிறது, எல்லாமே 18 அங்குல அகல இருக்கை. வாங்கப் போகிறவர்களில் ஒருவருக்குத் தண்டுவடக் காயம், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. அப்படியே கொடுத்துவிடலாமா?

பதில் 1:
அளவெடுக்காமல் தயவுசெய்து கொடுக்காதீங்க. ஆளை உட்கார வைத்து, இடுப்பின் இரண்டு பக்கமும் கெட்டி அட்டைப் புத்தகத்தை நிமிர்த்திப் பிடித்து, நடுவில் உள்ள தூரத்தை அளங்க. அதுதான் இருக்கை அகலம். அகலம் கூடினால் ஒரு பக்கம் சாய்வார், சக்கரத்துக்குக் கை எட்டாமல் தோள்பட்டை கெடும்.

ஆழத்துக்குப் பிட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து 3–6 செ.மீ. கழிக்கணும். கழிக்காவிட்டால் இருக்கை விளிம்பு காலில் குத்தும். வலி தாங்காமல் முன்னால் சறுக்கி உட்காருவார், பாரம் வால் எலும்பில் இறங்கும். ஃபுட்ரெஸ்ட் உயரமாக இருந்தாலும் தொடை தூக்கிக்கொண்டு, பாரமெல்லாம் பிட்டத்துக்குப் போய்விடும்.

பதில் 2:
உணர்ச்சி இல்லாதவருக்கு வெறும் ரெக்சின் இருக்கை ஆபத்து. அழுத்துவது தெரியாமலே புண் வந்துவிடும். அழுத்தம் குறைக்கும் குஷன் இல்லாமல் அவரை ஒரு நாள்கூட உட்கார வைக்காதீங்க. குஷன் போட்டு உட்கார்ந்த பிறகு, உள்ளங்கை மேலே பார்க்க, பிட்ட எலும்புக்கு அடியில் விரல்களை விட்டுப் பாருங்க. விரல் நுனியை 5 மி.மீ.யாவது மேலும் கீழும் அசைக்க முடிந்தால் சரி. நசுங்கி, இழுக்கவே சிரமமாக இருந்தால் அந்தக் குஷன் அவருக்கு ஆகாது.

15–30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ பாரத்தை மாற்றக் கற்றுக்கொடுங்க. எங்காவது சிவந்திருக்கிறதா என்று தினமும் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்க்கணும். கருத்த தோலில் சிவப்பு தெரியாது. ஆனால் அந்த இடம் தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். புண் அங்கேதான் ஆரம்பிக்கும்.

கேள்வி கேட்டவர்:
ஒல்லியாக இருப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் ஃபோம் வைத்து அடைத்தால் போதாதா?

பதில் 1:
இடுப்பு நகராமல் நிற்கும், அவ்வளவுதான். சக்கரம் தள்ளியேதான் இருக்கும். கை எட்டாத சிக்கல் தீராது. வேறொருவர் தள்ளிக்கொண்டு போகும் முதியவர் என்றால் சமாளிக்கலாம். தானே ஓட்டுகிறவருக்குச் சரியான அகலம்தான் வேணும்.

பதில் 3:
பிரேக் பிடிக்கவில்லை என்று வந்தால் முதலில் டயரில் காற்றைப் பாருங்க. காற்று இறங்கினால் பிரேக் கட்டை டயரை எட்டாது. அந்த நிலையில் கட்டிலுக்கு மாறும்போதுதான் ஆள் விழுவார். முன் சின்னச் சக்கரத்தில் முடி, நூல் சுற்றியிருந்தால் அறுத்து எடுங்க. வண்டியோடு காற்றடிக்கும் பம்பும் ஸ்பானரும் கொடுத்துவிடுங்க. வீட்டு வாசலையும் அளங்க: 15 செ.மீ. படிக்கு 180 செ.மீ. நீளச் சாய்தளம் வேணும்.