இண்டியானாபோலிஸ் ஒலிம்பியன்ஸ்: நான்கே பருவங்களில் இந்த அணி மறைந்தது ஏன்?

ஏட்டுச்சுவடி (கேள்வி):
அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் தொடக்க ஆண்டுகளின் புள்ளிப் பட்டியல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்த அணியின் கணக்கு என்னைக் குழப்பிவிட்டது. 1949-50 பருவத்தில் 39 வெற்றி, 25 தோல்வியுடன் மேற்குப் பிரிவில் முதலிடம். அடுத்த மூன்று பருவங்களில் 31-37, 34-32, 28-43. நான்கு பருவங்களிலும், பருவ முடிவில் பட்டத்துக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுக்குத் தகுதி பெற்றிருக்கிறார்கள். அப்படியிருந்தும் 1953-இல் அணியே கலைக்கப்பட்டுவிட்டது. சூதாட்ட ஊழலால் அழிந்த அணி என்று எங்கும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் அதற்காக அணியின் வீரர்கள் கைதானது 1951 அக்டோபரில். ஊழல்தான் காரணம் என்றால் அதன் பிறகும் இரண்டு முழுப் பருவங்கள் ஆடியது எப்படி? வீரர்களே அணியின் உரிமையாளர்களாக இருந்தார்கள் என்பதும் உண்மைதானா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வட்டக்கோடு:
உண்மைதான். உங்கள் முதல் கேள்விக்கான விடையும் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கிறது. அடால்ஃப் ரப் பயிற்சியளித்த கென்டக்கி பல்கலைக்கழக அணி 1948, 1949 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கல்லூரிச் சாம்பியன் பட்டத்தை வென்றது. அந்த அணியில் ஆடிய அலெக்ஸ் கிரோசா, ரால்ஃப் பியர்ட், வாலஸ் ஜோன்ஸ், கிளிஃப் பார்க்கர், ஜோ ஹாலண்ட் ஆகிய ஐவரும், ஆளுக்கொரு அணிக்குப் பிரிந்து போகாமல், ஒன்றாகவே தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார்கள். வந்தது சம்பளக்காரர்களாக மட்டுமல்ல, அணியின் பங்குதாரர்களாகவும். பார்க்கர் ஆடிக்கொண்டே பயிற்சியாளராகவும் இருந்தார். அவர் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் பணியாற்றி, ஜெர்மானியரிடம் பிடிபட்டு, போர்க்கைதிகள் முகாமில் ஒரு கைப்பந்தை வைத்துக்கொண்டு பந்தைக் கையாளும் வித்தைகளைப் பழகியவர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கல்லூரி ஆட்டத்துக்குத் திரும்பியபோது அவரே அணியில் மூத்தவர்.

அதற்கு முந்தைய பருவத்தில் இண்டியானாபோலிஸின் ஜெட்ஸ் அணி 18 வெற்றிகளோடு தடுமாறி மூடப்பட்டிருந்தது. இரண்டு போட்டி லீக்குகள் 1949 ஆகஸ்டில் இணைந்து என்.பி.ஏ. என்ற பெயர் பெற்ற நேரத்தில், வெற்றிடமாக இருந்த அந்த நகரத்துக்கு, நாடே அறிந்த முகங்களுடன் ஓர் அணி கிடைத்தது. பட்லர் பல்கலைக்கழகத்தின் பெரிய உள்ளரங்கமே அவர்களது சொந்தக் களம். அந்த நாளில் ஓர் அணியின் வருமானம் பெரும்பாலும் நுழைவுச்சீட்டில்தான் இருந்தது; சீட்டு வாங்கியவர்கள் வந்தது அந்தக் கென்டக்கி வீரர்களைப் பார்க்க. வீரர்களின் பெயரே மூலதனம் என்னும்போது, பெயர் கெட்டால் மூலதனமும் போய்விடும்.

மூன்றாம் நடுவர்:
மேலே உள்ள விளக்கத்தோடு உடன்படுகிறேன். ஆனால் பலரும் செய்யும் ஒரு தவறைச் சுட்டிக்காட்ட வேண்டும். 'ஃபேபுலஸ் ஃபைவ்' என்று புகழ்பெற்ற 1948 கென்டக்கி அணியின் ஐந்தாமவர் கென்னி ராலின்ஸ்; ஹாலண்ட் அல்ல. லண்டன் ஒலிம்பிக்கில், இறுதிப் போட்டியில் பிரான்சை 65-21 என்று வீழ்த்தித் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் இருந்தவரும் ராலின்ஸ்தான். அவர் படிப்பை முடித்து ஏற்கெனவே சிகாகோ ஸ்டாக்ஸ் அணியில் சேர்ந்துவிட்டார். ஆகவே 'ஒலிம்பியன்ஸ்' என்று பெயர் சூட்டிய ஐவரில் ஒலிம்பிக்கில் ஆடியவர்கள் நால்வர் மட்டுமே.

ஊழலைப் பற்றி மட்டுமே பேசினால் இந்த அணிக்கு அநியாயம் செய்தவர்களாவோம் என்பதால் இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறேன். 1951 ஜனவரி 6 அன்று ராசெஸ்டர் ராயல்ஸ் அணியின் களத்தில் இவர்கள் ஆடிய ஆட்டம், ஆறு கூடுதல் நேரங்களுக்கு நீண்டது, என்.பி.ஏ. வரலாற்றில் இதைவிட நீளமான ஆட்டம் இதுவரை இல்லை. வழக்கமான 48 நிமிடங்கள் முடிந்தபோது இரு அணிகளும் 65 புள்ளிகளில் சமநிலை. அதன்பின் வந்த 30 நிமிடங்களில் இரு அணிகளும் சேர்ந்து எடுத்தவை வெறும் 18 புள்ளிகள். இரண்டு கூடுதல் நேரங்களில் ஒரு புள்ளிகூட விழவில்லை. பந்தைக் கைப்பற்றிய அணி கடைசி நொடி வீச்சுக்காக அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தியது. பந்து கிடைத்த 24 நொடிக்குள் கூடையை நோக்கி வீச வேண்டும் என்ற விதி வருவதற்கு 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இறுதியில் ஒலிம்பியன்ஸ் 75-73 என்று வென்றது. பார்க்கச் சலிப்பூட்டும் ஆட்டமாகத்தான் இருந்திருக்கும், ஆனால் சாதனை சாதனைதானே.

நிழற்கோபுரம்:
கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு, அதாவது கைதுக்கும் கலைப்புக்கும் இடையிலான இரண்டு பருவங்களுக்கு, வருகிறேன்.

குற்றம் நடந்தது தொழில்முறை ஆட்டத்தில் அல்ல, கல்லூரி நாட்களில். சூதாட்டத்தில் யார் வெல்வார் என்பதோடு, எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வெல்வார் என்றும் பந்தயம் கட்டுவார்கள். தோற்க வேண்டாம், வித்தியாசத்தை மட்டும் குறைத்துக்கொள் என்று வீரனிடம் பணம் கொடுப்பதுதான் பாயின்ட் ஷேவிங். தோற்கச் சொல்லவில்லையே என்ற சமாதானம் அந்த வயதில் எளிதாக எடுபட்டிருக்கும். 1949 மார்ச்சில், எளிதில் வெல்லும் என்று எல்லோரும் எதிர்பார்த்த கென்டக்கி, நியூயார்க்கில் நடந்த என்.ஐ.டி. என்ற கல்லூரி அணிகளுக்கான தொடரில் சிகாகோவின் லயோலா அணியிடம் 67-56 என்று தோற்றே போனது. விசாரணையின் மையத்தில் இருந்தது அந்த ஆட்டம்தான். 1951 அக்டோபர் 20 அன்று, சிகாகோ ஸ்டேடியத்தில் ராசெஸ்டர் ராயல்ஸ் ஆடிய ஒரு காட்சிப் போட்டியைக் காண வந்திருந்த கிரோசாவும் பியர்டும் கைது செய்யப்பட்டார்கள். அவர்களுடைய கல்லூரித் தோழர் டேல் பார்ன்ஸ்டபிளும் அன்றே பிடிபட்டார். லீக் தலைவர் மாரிஸ் பொடொலாஃப் இருவரையும் விலக்கிவைத்தார். அதன்பின் அவர்கள் என்.பி.ஏ.வில் ஆடவே இல்லை. 1952-இல் நீதிமன்றம் சிறைத்தண்டனையை நிறுத்திவைத்தது. 700 டாலர் வாங்கியதைப் பியர்ட் மறுக்கவில்லை. ஆனால் ஆட்டத்தில் கைவைத்ததே இல்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அணிக்கு என்ன இழப்பு என்பதை எண்ணிப் பாருங்கள். 1950-51 பருவத்தில் கிரோசாவின் சராசரி ஆட்டத்துக்கு 21.7 புள்ளிகள், பியர்டின் சராசரி 16.8. அணியின் மொத்தப் புள்ளிகளில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இந்த இருவரிடமிருந்து வந்தவை. கிரோசா என்.பி.ஏ.வில் ஆடிய இரண்டு பருவங்களிலும் புள்ளி எடுப்பதில் கிரோசாவை முந்தியவர் லேக்கர்ஸின் ஜார்ஜ் மைக்கன் ஒருவரே. இப்படிப்பட்ட இருவரை ஒரே நாளில் இழந்த அணி அடுத்த பருவத்தில் 34-32 எடுத்தது என்றால், ஜோ கிராபோஸ்கி, லியோ பார்ன்ஹார்ஸ்ட் போன்ற எஞ்சியவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். வெற்றிகள் தொடர்ந்தன, ஆனால் வட்டக்கோடு சொன்ன மூலதனம் திரும்பி வரவில்லை.

ஏட்டுச்சுவடி:
அனைவருக்கும் நன்றி. அப்படியானால் ஊழல் இல்லாதிருந்தால் அணி நிலைத்திருக்கும் என்று கொள்ளலாமா?

வட்டக்கோடு:
அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். 1949-50-இல் 17 அணிகள் இருந்த லீக், 1953-54-இல் ஒன்பதாகச் சுருங்கிவிட்டது. முதல் ஆண்டில் ஒலிம்பியன்ஸைப் பிளேஆஃபில் வெளியேற்றிய பக்கத்து ஊர் ஆண்டர்சன் பேக்கர்ஸ் எந்த ஊழலும் இல்லாமலேயே அடுத்த பருவத்துக்கு என்.பி.ஏ.வில் இல்லை. ஆனால் ஆண்டர்சன் சிறிய ஊர். இண்டியானாபோலிஸ் மாநிலத் தலைநகர், பெரிய அரங்கம், கூடைப்பந்தின் மீது தீராத மோகம். கிரோசாவுக்குக் கைதானபோது வயது 25. இன்னும் ஐந்தாறு பருவங்கள் அவர் ஆடியிருப்பார் என்பதால், பிழைத்திருக்கும் வாய்ப்பு அதிகம் என்றே நினைக்கிறேன். பேசர்ஸ் அணி 1967-இல் தொடங்கும்வரை அந்த நகரம் பதினான்கு ஆண்டுகள் தொழில்முறைக் கூடைப்பந்து இல்லாமல் கிடந்தது. பேசர்ஸ் சேர்ந்தது என்.பி.ஏ.வுக்குப் போட்டியாகத் தொடங்கிய ஏ.பி.ஏ. லீக்கில், கிரோசாவும் பின்னாளில் பயிற்சியாளராகத் திரும்பி வந்தது அதே லீக்குக்குத்தான்.