அவுட்போர்டு பாகங்களுக்கு பவுடர் கோட்டிங்: உப்புத் தண்ணீரில் நிற்குமா?

அலைஓரம்:
கடலில் பல வருடம் ஓடிய ஒரு பழைய அவுட்போர்டைப் (படகின் பின்னால் மாட்டும் எஞ்சின்) பிரித்துப் போட்டிருக்கிறேன். கிளாம்ப் பிராக்கெட் (எஞ்சினைப் படகோடு பிடித்துவைக்கும் பாகம்), தெர்மோஸ்டாட் மூடி, எக்ஸாஸ்ட் கவர் மூன்றுமே அலுமினிய வார்ப்பு. பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கியிருக்கிறது, சுரண்டினால் அடியில் வெள்ளைப் பொடி. மறுபடியும் ஸ்ப்ரே பெயின்டில் இறங்க மனமில்லை, பவுடர் கோட்டிங் (உலர்ந்த பெயின்ட் பொடியை அடித்து, சூட்டில் உருக்கிப் படலமாக்குவது) அடித்துச் சுட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். கடலில் இது நிற்குமா? எக்ஸாஸ்ட் சூட்டைத் தாங்குமா? பழைய மின்சார ஓவன் ஒன்று சும்மா கிடக்கிறது, அதிலேயே செய்யலாமா?

துருநட்டு:
நிற்கும். ஆனால் அதை முடிவு செய்வது பவுடர் இல்லை, அதற்கு முன் செய்கிற வேலைதான். அந்த வெள்ளைப் பொடி அலுமினியம் அரித்ததால் வந்தது, குழிகளுக்குள் இன்னும் உப்பு இருக்கும். மேலாகத் தேய்த்துவிட்டு பவுடர் அடித்தால் அந்த உப்பு ஈரத்தை இழுக்கும், அப்புறம் அரிப்பு கோட்டிங்குக்கு அடியிலேயே புழு ஊர்ந்த தடம் போலப் பரவும்.

பழைய பெயின்டை எடுத்ததும் வெந்நீர் விட்டுப் பலமுறை கழுவிக் காயவைத்து, அதற்குப் பிறகுதான் பிளாஸ்டிங் (அழுத்தக் காற்றில் துகளை வீசிச் சுத்தம் செய்வது). கழுவாமல் பிளாஸ்டிங் செய்தால் உப்பை உள்ளே அடித்து இறக்கியது போலத்தான். அலுமினியம் ஆக்சைடு அல்லது கண்ணாடி மணி போதும், இரும்புக் குருணை வேண்டவே வேண்டாம், துகள் அலுமினியத்தில் பதிந்து அங்கிருந்தே கறை கிளம்பும். அடுத்து, அரிப்பைத் தடுத்து பவுடர் நன்றாகப் பிடிக்க ஒரு ரசாயனப் பூச்சு, குரோமேட் வகை அல்லது குரோம் இல்லாத வகை (குரோமேட் நச்சு, அதைத் தொழில்முறைக் கடையிடம் விட்டுவிடுங்கள்). அதன் மேல் எபாக்சி பவுடர் பிரைமர், கடைசியில் பாலியெஸ்டர். எபாக்சியை மட்டும் அடித்து நிறுத்தினால் வெயிலில் சுண்ணாம்பு பூத்துவிடும். கூரான ஓரங்களை முதலிலேயே அரத்தால் மழுக்கிவிடுங்கள், பவுடர் உருகும்போது ஓரத்தை விட்டு விலகி அங்கே மெலிந்துபோகும்.

சூட்டுமானி:
சுடுவதைப் பற்றி. பாலியெஸ்டர் பவுடருக்குப் பொதுவாக 180 முதல் 200 டிகிரி செல்சியஸ், 10 முதல் 20 நிமிடம். இந்தக் கணக்கு உலோகம் அந்தச் சூட்டை எட்டியதிலிருந்து தொடங்குகிறது, ஓவன் முள் எட்டியதிலிருந்து இல்லை. பிராக்கெட் மாதிரி தடித்த பாகம் மெதுவாகத்தான் சூடேறும், பலர் சறுக்குவது இங்கேதான். வார்ப்பின் நுண்துளைகளில் எண்ணெயும் காற்றும் இருக்கும், அதனால் பவுடர் அடிப்பதற்கு முன் வெறும் பாகத்தை ஒருமுறை சுடும் சூட்டைவிடக் கொஞ்சம் அதிகமாக வைத்து எடுங்கள். இல்லாவிட்டால் படலம் முழுக்க ஊசித்துளை விழும். ஆயில் சீல், புஷ், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் முன்னாலேயே கழற்றிவிடுங்கள்.

எக்ஸாஸ்ட் கவருக்கு மேல் தண்ணீர் ஓடுகிற வகை என்றால் வெளிப்பக்கம் பவுடர் தாங்கும். தண்ணீர் ஓடாத காய்ந்த எக்ஸாஸ்ட் என்றால் மறந்துவிடுங்கள், அதற்கு சிலிகான் அடிப்படையிலான உயர்வெப்பப் பெயின்ட் வேண்டும். ஓவனில் செய்யலாம், அதற்குப் பிறகு அதில் சாப்பாடு வைக்கக் கூடாது. பவுடர் தூசி காற்றில் மிதக்கும்போது தீப்பொறி பட்டால் வெடிக்கும், ஆகவே அடிக்கும் இடமும் சுடும் இடமும் தள்ளித்தள்ளி இருக்கட்டும்.

அலைஓரம்:
நன்றி இருவருக்கும். தெர்மோஸ்டாட் மூடியின் உள்பக்கமும் அரித்திருக்கிறது, அங்கேயும் அடித்துவிடலாமா?

கீல்:
வேண்டாம். படலம் 60 முதல் 100 மைக்ரான் வரை வரும், கேஸ்கெட் உட்காரும் முகத்தில் அது ஏறினால் மூடி சரியாக இறுகாது. தண்ணீர் ஓடும் பாதையிலும் வேண்டாம், அங்கே பெயர்ந்தால் துண்டு போய் அடைத்துக்கொள்ளும். மரை துளைகளுக்கு சிலிகான் அடைப்பான், முகங்களுக்கு உயர்வெப்ப டேப். ஆனோடின் (தான் கரைந்து எஞ்சினை அரிப்பிலிருந்து காக்கும் உலோகத் துண்டு) மேலும் அது உட்காரும் இடத்திலும் ஒரு சொட்டு கூடப் படக்கூடாது, வெறும் உலோகத்தோடு தொட்டால்தான் அது வேலை செய்யும். எர்த் ஒயர் புள்ளிக்கும் அதே கதைதான்.

பிராக்கெட் விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. அது சுமை தாங்கும் பாகம். வெப்பப் பதம் ஏற்றிய வார்ப்பை 200 டிகிரியில் நெடுநேரம் வைத்தால் பலம் குறையும், போதாக்குறைக்கு அது எப்போதும் அடிபடுகிற இடம். நானாக இருந்தால் பிராக்கெட்டுக்கு இரண்டு பாகக் கலவை எபாக்சியும் மேலே பாலியூரித்தேனும் அடிப்பேன், சிராய்த்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துத் திரும்ப அடிக்கலாம். பவுடரில் அப்படி ஒட்டுப்போட முடியாது. ஸ்டெயின்லெஸ் போல்ட்டைத் திரும்ப மாட்டும்போது மரையில் ஆன்டி சீஸ் (மரை இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் மசகு) தடவுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை போல்ட் கழலாது, முறியும்.