நஷ்டத்துல ஓடுற கம்பெனிக்கு ஆராய்ச்சி வரிச்சலுகை உண்டா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்: கஞ்சிக்கோட்டுல சின்ன பம்பு கம்பெனி வெச்சிருக்கோம், ரெண்டு வருஷமா நஷ்டம், போன மாசம் பேங்க் தவணைகூட பவுன்ஸ், ஆனா புது இம்பெல்லர் (பம்புக்குள்ள தண்ணியைத் தள்ளுற சக்கரம்) டிசைனுக்கு நாலு லட்சம் இறக்கியாச்சு, வரில ஏதாச்சும் கிடைக்குமாண்ணே?

பதில் 1: நஷ்டம்னு யாரும் தள்ளிவிட மாட்டாங்க தம்பி. வருமான வரிச் சட்டத்துல சொந்தத் தொழிலுக்கான ஆராய்ச்சிச் செலவை வருமானத்துல கழிக்கலாம், செலவுல 150 சதவீதம் கழிக்கிற சலுகைலாம் 2020 மார்ச்சோட போச்சு. கையில காசு வராது, தொழில் நஷ்டமா 8 வருஷம் வரைக்கும் கொண்டுபோய் பின்னாடி வர்ற லாபத்துல கழிக்கலாம், அதுவும் வரி ரிட்டர்னை தேதிக்குள்ள போட்டாத்தான், நான் ஒருதடவ தீபாவளி பரபரப்புல கோட்டை விட்டேன்.

பதில் 2: இங்கிலாந்துல பணமாவே தருவாங்கன்னு மச்சான் சொன்னான், ஆனா கம்பெனி தொடர்ந்து நடக்கிற நிலைல இருக்கணுமாம், கம்பெனியை மூடி சொத்தை வித்து கடனை அடைக்கிற லிக்விடேட்டர் வந்துட்டா அவ்ளோதான்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்: இங்க வாட்ச்மேன் மட்டும்தான் வர்றாரு 😄 பில்லெல்லாம் சிமென்ட் சாக்குல கிடக்கு, அப்படியே ஆடிட்டர்ட்ட தூக்கிட்டுப் போறேன்.