நிபந்தனை மாறியதும் போஸ்ட்பெய்டு இணைப்பை விட்டவர்கள்: அனுபவப் பகிர்வு

வைகைக்கரை:

குடும்பத் திட்டம். என் பெயரில் முதன்மை எண், அம்மாவுக்கும் தம்பிக்கும் கூடுதல் சிம். மிச்சமாகும் டேட்டா அடுத்த மாதக் கணக்கில் சேரும் என்பதற்காகவே அந்தத் திட்டத்தை எடுத்தேன். ஒரு நாள் குறுஞ்செய்தி வந்தது: அடுத்த பில்லிலிருந்து மிச்ச டேட்டா சேராது, கூடுதல் சிம் ஒவ்வொன்றுக்கும் தனி வாடகை உண்டு. உங்களுக்கு விருப்பமா என்று கேட்டு ஒரு வரிகூட இல்லை.

இணைப்பே வேண்டாம் என்று சொல்ல வாடிக்கையாளர் சேவை மையத்தை அழைத்தேன். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், மாற்றத்துக்கு நீங்கள் சம்மதம் தெரிவித்ததாகப் பதிவாகியிருக்கிறது" என்றார். எப்போது சம்மதித்தேன் என்று கேட்டேன். "அறிவிப்பு வந்த பிறகும் சேவையைப் பயன்படுத்தினால் சம்மதம் என்றுதான் பொருள் மேடம். நேற்று இரவு 9.40க்கு ஓர் அழைப்பு பேசியிருக்கிறீர்களே."

அம்மாவிடம் இரவு மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்ட அழைப்பு அது. அதை என் கையெழுத்தாக எடுத்துக்கொண்டார்கள். மூன்று எண்களையும் வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டேன், பணமும் பெரிதாகப் போகவில்லை. ஆனாலும் அந்த ஒரு பதில் தொண்டையில் சிக்கிய முள்ளாக நிற்கிறது. உங்களில் யாருக்காவது இப்படிச் சொல்லியிருக்கிறார்களா?

கத்தரிக்கோல்:

சொல்லியிருக்கிறார்கள், வேறு விதமாக. நான் தையல் கடை வைத்திருக்கிறேன். துணி தயாரானதும் ஒவ்வொருவரையும் நானே அழைத்துச் சொல்வது வழக்கம். வரம்பில்லாத அழைப்பு என்று சொல்லிக் கொடுத்த திட்டத்தில், நடுவில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தார்கள். நிறைய வெவ்வேறு எண்களை அழைத்தால் அது வணிகப் பயன்பாடு, தனிக் கட்டணம். தீபாவளி நெருங்கும் நேரம். கடை முழுக்கத் தைத்து முடித்த ஜாக்கெட்டும் சுடிதாரும் கிடக்கின்றன, என்னால் யாரையும் அழைக்க முடியவில்லை.

ஷோரூமுக்குப் போய் நின்றேன். கவுன்டரில் இருந்த தம்பி, "இந்த எண்ணை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணா, சுலபம்" என்றார். என் எண் கடைப் பலகையில் இருக்கிறது, ரசீதுப் புத்தகத்தில் இருக்கிறது, கொடுத்தனுப்பிய ஒவ்வொரு துணிப்பையிலும் அச்சாகியிருக்கிறது. அதை எப்படி விடுவது? எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்குப் போவதற்கு, அதாவது போர்ட் கேட்டு, 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் மறக்க முடியாதது. மறுநாள் காலையிலேயே அதே நிறுவனத்திலிருந்து அழைப்பு. பாதி வாடகை, வணிகப் பயன்பாட்டு நிபந்தனை உங்களுக்கு இல்லை, ஓராண்டுக்கு இதே விலை. கையில் அளவு நாடாவோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முந்தின நாள் கவுன்டரில் மன்றாடியபோது, அப்படி ஒரு திட்டமே கிடையாது என்றுதானே சொன்னீர்கள்? இருந்ததை மறைத்து வைத்திருக்கிறார்கள். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். நாலு காசு மிச்சமாகியிருக்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

நடுப்பக்கம்:

வைகைக்கரை அக்கா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் குறுஞ்செய்தி வந்த அன்றே கிளம்பியிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. எனக்கும் நடந்தது. மாதத்துக்கு எவ்வளவு தொகை வரை பயன்படுத்தலாம் என்ற கடன் வரம்பைக் கேட்காமலேயே குறைத்தார்கள், ரயிலில் போகும்போது அழைப்பு நின்றுபோனது, அந்த வாரமே மாறிவிட்டேன்.

இங்கே பலரும் இணைப்பைத் துண்டிப்பதையும் போர்ட் செய்வதையும் ஒன்றாகப் பேசுகிறார்கள். துண்டித்தால் எண் கையைவிட்டுப் போகும், சில காலம் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுக்கப்படும். வங்கியிலிருந்தும் ஆதாரிலிருந்தும் ஓடிபி வரும் எண்ணை அப்படி விடவே கூடாது. எண் மாறாமல் நிறுவனம் மாறும் வசதி 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க வந்தது. 2015 ஜூலை 3 முதல் ஒரு தொலைத்தொடர்பு வட்டத்திலிருந்து (பெரும்பாலும் ஒரு மாநில அளவிலான சேவைப் பகுதி) இன்னொன்றுக்கும் எண்ணோடு போகலாம்.

போர்ட் என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு, பத்து இலக்க எண்ணை 1900க்கு அனுப்பினால் புது நிறுவனத்திடம் கொடுக்க வேண்டிய, எட்டு இடம் கொண்ட யூபிசி குறியீடு வரும். அது 4 நாள்தான் செல்லும். ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு வட்டங்களுக்கு மட்டும் 30 நாள். குறியீடு வராவிட்டால் காரணத்தைப் பாருங்கள். அந்த நிறுவனத்தில் சேர்ந்து 90 நாள் ஆகியிருக்க வேண்டும். வெளியான பில்லில் பாக்கி இருக்கக் கூடாது. பெயர் மாற்றம் பாதியில் நிற்கக் கூடாது. சேரும்போது விலகல் நிபந்தனை ஏதாவது ஒப்புக்கொண்டிருந்தால் அதையும் நிறைவேற்றியிருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: சிம்மைத் தொலைத்து மாற்றியிருந்தால் 7 நாள் கழித்துத்தான் குறியீடு கிடைக்கும்.

2019 டிசம்பர் 16இல் வந்த விதிப்படி ஒரே வட்டத்துக்குள் 3 வேலை நாளில் எண் மாற வேண்டும், வட்டம் மாறினால் 5. கத்தரிக்கோல் அண்ணா, உங்கள் எண் நிறுவனக் கணக்கில் எடுத்ததாக இருந்தால் அதற்கும் 5 வேலை நாள்தான், அங்கீகாரக் கடிதமும் கேட்பார்கள். மனம் மாறினால் கோரிக்கை கொடுத்த 24 மணி நேரத்துக்குள் 1900க்கே ரத்துச் செய்தி அனுப்பலாம்.

முக்கியமான ஒன்று. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2004இல் கொண்டுவந்த திருத்தப்படி, ஒரு கட்டணத் திட்டத்தில் சேர்ந்த நாளிலிருந்து 6 மாதத்துக்கு அதன் கட்டணத்தை உங்களுக்குப் பாதகமாக உயர்த்த முடியாது. நீங்கள் மட்டும் அந்த 6 மாதத்துக்குள்ளும் வேறு திட்டத்துக்கு மாறிக்கொள்ளலாம். அந்தக் காலம் தாண்டிவிட்டால் அவர்கள் மாற்றலாம். ஆகவே இதில் ஏமாற்று என்று எதுவும் இல்லை. விதியைப் படித்து வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் வராது.

வைகைக்கரை:

நடுப்பக்கம், எப்படிப் போர்ட் செய்வது என்று நான் கேட்கவே இல்லை. செய்து முடித்துவிட்டேன் என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன். 6 மாதம் தாண்டிவிட்டால் விலையை மாற்றலாம், சரி. நான் சொல்லாத சம்மதத்தைச் சொன்னதாகப் பதிவு செய்யலாம் என்று எந்த விதியில் இருக்கிறது? "மாற்றிவிட்டோம், விருப்பமில்லை என்றால் போகலாம்" என்று நேராகச் சொல்லியிருந்தால் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன். என் அம்மாவோடு பேசியதை எடுத்து என்னிடமே ஆதாரமாகக் காட்டியதுதான் வலிக்கிறது.

வடகடல்:

நான் பிரிட்டனில் செவிலியராக வேலை பார்க்கிறேன். இங்கே நிலைமை வேறு. பெரும்பாலும் 24 மாத ஒப்பந்தம், நடுவில் விட்டால் மிச்ச மாதங்களுக்கான தொகையைக் கேட்பார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் சொல்லாத, நமக்குப் பாதகமான மாற்றத்தை நிறுவனம் கொண்டுவந்தால் ஒரு மாதம் முன்பே அறிவிக்க வேண்டும், அபராதமின்றி விலகும் உரிமை உண்டு என்பதையும் அவர்களே சொல்ல வேண்டும். இங்குள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் விதி அது. வைகைக்கரை அக்கா கேட்பது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

விதி இருந்தும் என்னை அலைக்கழித்தார்கள். இரவுப் பணி முடித்து வந்து, உடையைக்கூட மாற்றாமல் அவர்களுடைய இணைய அரட்டையில் உட்கார்ந்தேன். முதலில் வந்தவர், "ஆம், கட்டணமின்றி விலகலாம்" என்று தெளிவாக எழுதினார். இன்னொரு பிரிவுக்கு மாற்றுகிறேன் என்றார். அங்கே வந்தவர், "உங்களுக்கு அப்படி எந்த உரிமையும் இல்லை, முன்பு யாரும் அப்படிச் சொல்லவும் இல்லை" என்று எழுதினார். மேலே நகர்த்திப் பார்த்தால் முந்தைய உரையாடல் திரையிலேயே இல்லை. மாற்றும்போதே அழிந்துவிட்டது. நல்ல வேளையாக, எனக்குள்ள பழக்கத்தால் ஒவ்வொரு பதிலையும் படம் எடுத்து வைத்திருந்தேன். மருத்துவமனையில் எழுதி வைக்காத எதுவும் நடக்காததற்குச் சமம் என்றுதான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அந்தப் படத்தை அனுப்பினேன். வெகுநேரம் பதிலே இல்லை. பிறகு "உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது" என்று வந்தது. ஒரு மன்னிப்பு இல்லை.

பிரிட்டனில் இருப்பவர்களுக்காக: 2019 ஜூலை 1 முதல், 65075க்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாலே எண்ணை எடுத்துச் செல்வதற்கான குறியீடு வந்துவிடும், யாரிடமும் பேச வேண்டியதில்லை. அது 30 நாள் செல்லும். விலகல் கட்டணம் உண்டா என்பதும் அந்தப் பதிலிலேயே இருக்கும். கைப்பேசியைத் தவணையில் வாங்கியிருந்தால் அது தனிக் கடன். சேவையிலிருந்து விலகினாலும் அந்தத் தவணை நிற்காது.

ஹெட்செட்:

நான் மறுமுனையில் இருந்தவன். துண்டிப்புக் கோரிக்கைகள் வரும் பிரிவில் வேலை பார்த்தேன், இப்போது இல்லை. நடுப்பக்கம் அவர்களே, விதி படித்தவர்களுக்குச் சங்கடம் வராது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அந்தத் திரையைக் காட்ட வேண்டும். நாங்கள் பார்க்கும் திரையில் துண்டிப்புக்கான பகுதி முதலில் திறக்கவே திறக்காது. முதல் சலுகையைச் சொன்னேன், மறுத்தார் என்று குறிக்க வேண்டும். அடுத்தது வரும். அதையும் குறித்தால் இன்னொன்று. கத்தரிக்கோல் அண்ணாவுக்கு மறுநாள் சொன்ன சலுகையும் இப்படித்தான். கவுன்டரில் இருக்கும் தம்பியின் திரையில் அது இருந்திருக்காது. கிளம்புகிறவர்களுக்கு மட்டும் திறக்கும் பட்டியல் அது.

நிபந்தனை மாறிய ஒரு மாதத்தில் ஒரு பெரியவர் அழைத்தார். "தம்பி, எனக்கு எந்தச் சலுகையும் வேண்டாம், பில் அனுப்புவதை நிறுத்தினால் போதும்" என்றார். நான் பட்டியலைப் படித்தாக வேண்டும், படித்தேன். குறுக்கிடாமல் கடைசி வரை கேட்டார். முடிந்ததும், "சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாயா? இப்போது நிறுத்திவிடு" என்றார். நிறுத்துவதற்கான கோரிக்கையைப் பதிந்தேன். மாதக் கடைசி, கிளம்புகிறவர்களைத் தக்கவைக்கும் இலக்கை எங்கள் பிரிவு இன்னும் எட்டவில்லை. மேற்பார்வையாளர் என் பின்னால் வந்து நின்று, அதே திரையில் "வாடிக்கையாளர் யோசித்துச் சொல்வார்" என்று மாற்றினார். ஏன் என்று கேட்டதற்கு, "மறுபடி அழைப்பார், அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அவருக்கு அடுத்த பில் போயிருக்கும். மறுபடி அழைத்தாரா, பணத்தைக் கட்டிவிட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் குரல் மட்டும் அப்படியே நினைவில் இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், டாக்கெட் எண், அதாவது புகாரின் பதிவு எண், வாங்காமல் அழைப்பை முடிக்காதீர்கள். நிறுவனத்தின் புகார் மையத்துக்கு 198. புகாருக்கு எண் கொடுத்தே ஆக வேண்டும். முடிவு பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், 39 நாளுக்குள் அவர் தீர்த்தாக வேண்டும். டிராயிடம் நேரே எழுதிப் பயனில்லை. தனிநபர் புகாரை அவர்கள் விசாரிப்பதில்லை, நிறுவனத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

நடுப்பக்கம்:

ஹெட்செட், திரை விவரம் எனக்குப் புதிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விதி தெரிந்தால் பலம் என்ற கருத்தில் மாற்றமில்லை. தொலைத்தொடர்பு வழக்குக்கு நுகர்வோர் ஆணையத்தில் இடமில்லை, தந்திச் சட்டப்படி நடுவரிடம்தான் போக வேண்டும் என்று நிறுவனங்கள் பல ஆண்டுகள் வாதாடின. 2022 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்று ஒரு வகையையே சேர்த்திருக்கிறது. நுகர்வோருக்குப் பாதகமான, நியாயமில்லாத கட்டணமோ நிபந்தனையோ சுமத்துவது அதில் வரும். அந்தப் புகாரை மாநில ஆணையத்தில்தான் கொடுக்க வேண்டும். வைகைக்கரை அக்காவின் 9.40 அழைப்பை அங்கே கொண்டுபோனால் என்ன சொல்வார்கள் என்று எனக்கும் கேட்க ஆசைதான்.

கத்தரிக்கோல்:

ஜாக்கெட் தைப்பதை விட்டுவிட்டு ஆணையத்துக்கு யார் அலைவது தம்பி? உங்களுக்கு நேரம் இருக்கிறது. அவர்கள் நம்பியிருப்பது எங்களுக்கு நேரமில்லை என்பதைத்தான்.

பூவரசு:

எல்லாவற்றையும் படித்தேன். என்னுடையது சின்ன விஷயம்தான், ஆனால் யாரும் சொல்லவில்லை. வாடகையைக் கேட்காமல் உயர்த்தினார்கள், போர்ட் செய்தேன், புது சிம் வேலை செய்தது. முடிந்தது என்று இருந்தேன். பள்ளியில் கட்டணம் கட்டுவதற்காக வங்கிக் கணக்கைப் பார்த்தபோது, பழைய நிறுவனத்தின் பெயரில் பணம் எடுக்கப்பட்டிருந்தது, கட்டணத்துக்கு நூற்றுச் சொச்சம் குறைந்தது. கவுன்டரில் மகள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். பின்னால் வரிசை. அந்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

விசாரித்ததில் இரண்டு விஷயம் தெரிந்தது. போர்ட் ஆன நாள் வரைக்குமான கடைசி பில் பிறகுதான் வரும், அதைக் கட்டத்தான் வேண்டும். கட்டாவிட்டால் பழைய நிறுவனம் புது நிறுவனத்திடம் சொல்லி எண்ணையே நிறுத்த வைக்கலாம். ஆனால் என் கணக்கில் எடுத்தது கடைசி பில்லுக்கு மேல் ஒரு முழு மாத வாடகை. மாதாமாதம் தானாகப் பணம் எடுத்துக்கொள்ள முன்பு நான் கொடுத்த ஆட்டோ டெபிட் அனுமதி உயிரோடு இருந்திருக்கிறது. 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, அட்டையிலிருந்து இப்படி எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கி தெரிவிக்க வேண்டும், அந்தச் செய்தியிலேயே வேண்டாம் என்று நிறுத்தும் வழியும் இருக்க வேண்டும். எனக்கு அந்தச் செய்தி போனது, வங்கியில் பதிந்திருந்த என் பழைய மின்னஞ்சலுக்கு.

கூடுதலாக எடுத்த தொகையைத் திருப்பித் தருவதாகப் புகார் எண்ணோடு பதில் வந்திருக்கிறது, பணம் இன்னும் வரவில்லை. வைகைக்கரை, உங்கள் அம்மா, தம்பி எண்களுக்கு ஆட்டோ டெபிட் அனுமதி தனித்தனியாக இருந்ததா, முதன்மை எண்ணோடு சேர்த்தா? தனித்தனி என்றால் மூன்றையும் இன்றே வங்கிச் செயலியில் பார்த்துவிடுங்கள்.