கடையில் வாங்கிய டெஸ்க்டாப் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, உதவுங்கள் (ஏற்காடு)

நாகலூர்வாசி:
வணக்கம். கம்ப்யூட்டர் திடீரென்று அணைந்து தானே ரீஸ்டார்ட் ஆகிறது. ரெடிமேட் செட், அசெம்பிள் இல்லை. விண்டோஸ் புதிதாகப் போட்டும் அதே கதை. எஸ்டேட் கூலிக் கணக்கு எல்லாம் இதில்தான், சனிக்கிழமை பட்டுவாடா. சீக்கிரம் சொல்லுங்கள்.

ஐந்துரோடு:
ப்ராசசர் எது? ரேம் எவ்வளவு? நீலத் திரை வருகிறதா, நேரே கருப்பாகிறதா?

மலைக்காற்று:
உயரம்தான் காரணம். ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர். காற்று அடர்த்தி குறைவு, ஃபேன் சூட்டைச் சரியாகத் தள்ளாது.

அடிவாரம்:
இன்டெல் 13, 14ஆம் தலைமுறையா? அதில் மின்னழுத்தச் சிக்கல் இருந்தது. 2024இல் மைக்ரோகோட் (ப்ராசசரின் உள் கட்டளைகள்) திருத்தம் விட்டு, வாரன்டியும் 2 வருடம் நீட்டினார்கள். பயாஸ் (மதர்போர்டில் இருக்கும் தொடக்க மென்பொருள்) அப்டேட் செய்யுங்கள்.

மூத்தவன்:
இங்கே பலமுறை எழுதிவிட்டேன், யாரும் தேடிப் படிப்பதில்லை. முதலில் ஈவென்ட் வியூவரை, அதாவது விண்டோஸ் நடந்ததை எழுதி வைக்கும் பதிவேட்டை, திறக்கக் கற்றுக்கொள்ளுங்கள். விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம். கெர்னல் பவர் 41 என்று ஒரு வரி இருக்கும். ஒழுங்காக அணையாமல் மீண்டும் எழுந்தது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. டீட்டெய்ல்ஸில் பக்செக்கோட் என்ற பிழை எண்ணைப் பாருங்கள். 0 இல்லையென்றால் விண்டோஸே விழுந்திருக்கிறது. டிரைவர், ரேம் என்று தேடலாம். 0 என்றால், பெரும்பாலும் எதையும் எழுதி வைக்க நேரமே கிடைக்காமல் மின்சாரம் அறுந்திருக்கிறது. இதைப் பார்க்காமல் விண்டோஸ் மாற்றுவது வீண் வேலை. உயரம் என்பதும் அப்படித்தான். மலையில் குளிரும் உண்டு.

நாகலூர்வாசி:
ஐ5 12400, 8 ஜிபி. நீலத் திரை இல்லை. எண் 0.

அடிவாரம்:
12400 என்றால் 12ஆம் தலைமுறை, நான் சொன்னது பொருந்தாது. ஆனாலும் ரெடிமேட் செட்டில் மட்டமான எஸ்.எம்.பி.எஸ். (உள்ளே மின்சாரம் கொடுக்கும் பெட்டி) போடுகிறார்கள். சேலத்தில் அசெம்பிள் செய்திருந்தால் நல்லதாகப் போட்டிருக்கலாம்.

ஐந்துரோடு:
அசெம்பிள் செட் பழுதானால் 20 கொண்டை ஊசி வளைவு இறக்கிக் கடைக்குக் கொண்டுவருவது யார்? ரெடிமேட் என்றால் வாரன்டிக்கு வீட்டுக்கே ஆள் வருவார்.

அடிவாரம்:
வருவார், எப்போது? சில செட்டில் எஸ்.எம்.பி.எஸ். இணைப்பே தனி வடிவம், வெளியில் வாங்கியது பொருந்தாது.

வயர்மேன்:
சண்டை அப்புறம். தம்பி, கம்ப்யூட்டர் வீட்டு இன்வெர்ட்டர் லைனிலா இருக்கிறது? கரண்ட் போகும்போதா அணைகிறது? இன்வெர்ட்டரில் யூ.பி.எஸ். மோட், நார்மல் மோட் என்று சுவிட்ச் இருக்கும். நார்மலில் பேட்டரிக்கு மாற நேரம் பிடிக்கும். ஃபேன், லைட் தாங்கும். எஸ்.எம்.பி.எஸ். தாங்குவது ஏறக்குறைய 16 மில்லிசெகண்ட்தான். மழைக்காலத்தில் மலை லைனில் கிளை உரசினாலே கரண்ட் கண் சிமிட்டும். பல்பில் தெரியாது, கம்ப்யூட்டர் விழுந்துவிடும். யூ.பி.எஸ். மோடுக்கு மாற்றுங்கள். எர்த்தும் சோதிக்கச் சொல்லுங்கள்.

நாகலூர்வாசி:
இன்வெர்ட்டர்தான். சுவிட்ச் மாற்றினேன். மழையில் கரண்ட் போய் வந்தது, செட் நிற்கவில்லை. கூலி போட்டாச்சு. நன்றி அண்ணா.

மூத்தவன்:
கரண்ட் இருக்கும்போதும் அணைந்ததா, கடைசிவரை சொல்லவில்லையே? அணைந்திருந்தால் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் பார்க்க வேண்டும்.

ஐந்துரோடு:
எர்த் பார்த்தீர்களா?