பாரிஸ் பக்கத்து அரண்மனை ஊரான வெர்சாய்க்கு சைக்கிளில் போய்வந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அரைபெடல்:
போய்வந்து ஆறு மாதம் ஆகிறது. அந்தத் தக்காளிக்கார அம்மா இன்னும் என் மனசைவிட்டுப் போகவில்லை. பாரிஸிலிருந்து ரயில், இறங்கியதும் சைக்கிள், அப்புறம் வெர்சாய் ஊரின் நோத்ர தாம் சந்தை. மதியச் சாப்பாட்டுக்கு வேண்டியதை வாங்கிக்கொள்ளச் சொல்லி கைடு நாற்பது நிமிடம் கொடுத்தார். நான் நேராகப் போய் தக்காளியைக் காட்டி "ஹவ் மச்?" என்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்து "போன்ழூர்" என்றார். காதில் விழவில்லை போல என்று மறுபடி கேட்டேன். மறுபடியும் "போன்ழூர்", இந்தத் தடவை இழுத்து நிதானமாக. மூன்றாவது தடவையும் அதேதான். பின்னால் வரிசை நிற்கிறது, என் தலையில் ஹெல்மெட் வேறு. கேலி செய்கிறார் என்று நினைத்து, வாங்காமலே நகர்ந்துவிட்டேன்.

கால்வாய்க் கரையில் வெறும் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கைடிடம் புலம்பினேன். அந்த ஊரில் முதலில் "போன்ழூர்", அதாவது வணக்கம், அப்புறம்தான் வியாபாரமாம். வாயைத் திறந்ததும் விலை கேட்டால் மரியாதை இல்லாத ஆள் என்று அர்த்தம். யோசித்துப் பாருங்கள், அந்த அம்மா எனக்கு மூன்று தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறார். எதிரே 1,670 மீட்டர் நீளக் கால்வாய், அந்தக் கோடியில் அரண்மனை. நான் தக்காளியையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பயணப்பை:
என் கதை இரண்டே வரி. வழியெல்லாம் மழை. அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் இருக்கும் 357 கண்ணாடிகளுக்கு முன்னால் நனைந்த கோழி மாதிரி நடந்தேன்.

இனிமேல் போகிறவர்களுக்குச் சிலது சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை அரண்மனை மூடியிருக்கும். பூங்காவில் சிறு மாளிகைகள் இருக்கும் திரியனோன் பகுதியை மதியம் 12 மணிக்குத்தான் திறப்பார்கள், காலையிலேயே அங்கே மிதித்துக்கொண்டு ஓட வேண்டாம். சைக்கிளைப் பூங்காவில் ஓட்டலாம், அரண்மனையை ஒட்டிய தோட்டத்துக்குள் கூடாது. குழுவைவிட்டுத் தனியாகத் திரும்புகிறவர்கள் நிலையத்தின் பெயரை நன்றாகப் பாருங்கள். வெர்சாயில் ஒன்றுக்கு மூன்று முக்கிய நிலையம் உண்டு. அரண்மனைக்குப் பக்கத்தில் இருப்பது ஷாத்தோ ரீவ் கோஷ், அங்கிருந்து பாரிஸுக்கு ஆர்.இ.ஆர். சி என்ற புறநகர் ரயில். ரீவ் துருவாத்தில் ஏறினால் பாரிஸின் சேன் லசார் நிலையத்தில்தான் இறங்குவீர்கள். அப்புறம் சீட் உயரம். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கினால் போதும். கல் பாவிய பாதையில் பயமாக இருந்தால் ஒரு விரல்கடை இறக்கிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் இறக்கினால் சாயங்காலம் முட்டி வலிக்கும். வாடகைச் சைக்கிளில் முதலில் பிரேக்கைப் பிடித்துப் பார்க்கவும்.

மண்சுவர்:
சீட் உயரம் யாரும் கேட்கவில்லை. சரி, இருக்கட்டும்.

நான் சொல்ல வந்தது பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத் திரியனோனில் கட்டிய குட்டிக் கிராமத்தைப் பற்றி. சைக்கிளை வெளியே பூட்டிவிட்டு நடந்து போனோம். குளம், கூரை வேய்ந்த வீடுகள், எல்லாம் படத்தில் பார்த்த மாதிரியே. கைடு ஒரு வீட்டுச் சுவருக்கு முன் நிறுத்தி, 1783இல் கட்ட ஆரம்பித்த இந்த வீடுகள் பழசாகத் தெரிவதற்காக, புதுச் சுவரில் ஓவியர்களை வைத்து விரிசல் வரைந்தார்கள் என்றார். எல்லாரும் சிரித்தார்கள், படம் எடுத்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பாட்டி வீட்டுச் சுவரில் ஒரு விரிசல் இருந்தது. யாராவது வந்தால் பாயைச் சுருட்டி அதன்மேல் சாய்த்து வைப்பார். அந்தப் பாய்தான் ஞாபகத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு கைடு சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை.

பழையகணக்கு:
மண்சுவருக்கு: விரிசல் வரைந்தது உண்மைதான். ஆனால் அந்த இடமே பொம்மை வீடு என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே நிஜப் பண்ணை நடந்தது. பிரான்ஸின் தூரேன் பகுதியிலிருந்து ஓர் உழவரைக் குடும்பத்தோடு வரவழைத்தார்கள், விளைந்தது அரண்மனைச் சமையலறைக்குப் போனது. அரசி பால் கறந்து விளையாடினார் என்பதெல்லாம் பின்னால் கட்டிய கதை. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1789 அக்டோபர் 5 அன்று அரசி திரியனோனில் இருந்தபோதுதான், ரொட்டி கேட்டு பாரிஸிலிருந்து பெண்கள் நடந்து வரும் செய்தி எட்டியது. மறுநாளே அரச குடும்பம் வெர்சாயைவிட்டுக் கிளம்பியது, திரும்பவே இல்லை. கைடுகள் இதைச் சொல்லாமல் விரிசலை மட்டும் காட்டினால் என்ன செய்வது?

மண்சுவர்:
எங்கள் கைடு அதையும் சொன்னாரோ என்னவோ. மாடு நிஜமாகவே இருக்கட்டுங்க. விரிசலுக்குக் கூலி கொடுத்தார்கள் இல்லையா, நான் அதைத்தான் சொன்னேன்.

அரைபெடல்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். வேலை விஷயமாக மறுபடி பாரிஸ் போகிறேன். நோத்ர தாம் சதுக்கத்தில் அந்தச் சந்தை எந்தெந்த நாள் கூடும்?

பயணப்பை:
செவ்வாய், வெள்ளி, ஞாயிறு. காலையிலேயே போய்விடுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு.