பொருள்: ஹீட் ஷீல்டுக்கு "அனல்தட்டி", ஹீட் சோக்குக்கு "புழுக்கம்"

வணக்கம் நண்பர்களே,

வண்டி எஞ்சினில் ஹீட் ஷீல்டு (சூட்டைத் தடுக்கும் தகடு), ஹீட் ரேப் (குழாயைச் சுற்றும் நாடா), ஹீட் சோக் (எஞ்சினை அணைத்தபின் தேங்கும் சூடு) ஆகியவற்றுக்கு நான் சொன்ன தமிழ்ச்சொற்கள் பற்றி வந்த மறுப்புகளுக்கு இது பதில்.

> ஷீல்டு, ரேப் இரண்டுக்குமே "வெப்பக்காப்பு" போதுமே, புதுச்சொல் எதற்கு?

போதாது ஐயா. இரண்டும் செய்கிற வேலை வேறு. நான் தமிழில் எழுதிக்கொண்டிருப்பது ஜிஎம்சி மோட்டார்ஹோம் (1973–78) என்ற, உள்ளேயே தங்கிப் பயணிக்கும் அமெரிக்க வண்டியின் பராமரிப்புக் குறிப்பு. அதில் 7.5 லிட்டர் ஓல்ட்ஸ்மொபைல் வி8 எஞ்சின் முன்னிருக்கைகளுக்கு நடுவே தரைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது, தரைமூடியைத் தூக்கினால்தான் தெரியும் (1977-இல் 6.6 லிட்டருக்கு மாறினார்கள்). போன கோடையில் நண்பரின் 1976 வண்டியில் அந்த மூடியைத் தூக்கியபோது, யாரோ முன்பு மாற்றிப் போட்ட பெட்ரோல் ஹோஸ் புகைக்குழாய்க்கு மிக அருகே போயிருந்தது. விரலால் அழுத்தினேன், ரப்பர் மாவற்றல் மாதிரி நொறுங்கியது. அதைக் கெடுத்தது சூடான இரும்பு தொட்டதால் இல்லை, ஒரு விரற்கடை தள்ளியிருந்த இரும்பிலிருந்து அடித்த அனல்.

அந்த அனலைத் தடுக்கத்தான் ஷீல்டு. பளபளப்பான அலுமினியத் தகடு, அனலாக வீசும் அகச்சிவப்புக் கதிரில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும், ஆனால் இரண்டு பக்கமும் காற்று ஓட இடம் வேண்டும், குழாயில் ஒட்டினால் தகடே சுட ஆரம்பித்துவிடும். குழாயின் சூடு 300 டிகிரியிலிருந்து 600 டிகிரி செல்சியஸ் ஆனால் வீசும் அனல் இரண்டு மடங்கு இல்லை, ஐந்து மடங்குக்கும் மேல்.

ரேப் அப்படி இல்லை. அது கண்ணாடியிழை நாடா, குழாயை இறுகச் சுற்றிச் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கிறது. ஈரத்தையும் பிடித்து வைப்பதால் சாதா இரும்புக்குழாய் சீக்கிரம் துருப்பிடிக்கும். இரண்டையும் "வெப்பக்காப்பு" என்று எழுதினால், படிக்கிறவர் தகடு வைக்க வேண்டிய இடத்தில் நாடாவைச் சுற்றிவிடுவார். அதனால் ரேப்புக்குக் "குழாய்ப்போர்வை" என்கிறேன். போர்வை சூட்டை உள்ளே வைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

> "வெப்பக்கவசம்" ஏற்கெனவே இருக்கிறது.

இருக்கிறது, விண்கலத்துக்கு. கவசம் என்றால் உடம்போடு ஒட்டி அணிவது, தலைக்கவசம் போல. இங்கே ஒட்டவே கூடாது. கடை முன்னால் வெயிலுக்கு ஒரு தட்டி கட்டுகிறோம் அல்லவா, அது சுவரை ஒட்டியா நிற்கிறது? தள்ளி நின்று வெயிலை வாங்கிக்கொள்கிறது, பின்னால் காற்று போகிறது. அனல்தட்டி என்றால் அந்த இடைவெளியும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. "அனல் மின்நிலையத்தில் அனல் என்றால் தெர்மல்" என்ற மறுப்பு வரும், சரிதான். ஆனால் அடுப்பிலிருந்து எட்டி நிற்கும்போதும் "அனல் அடிக்குது" என்கிறோமே, அந்தப் பொருள்தான் மூத்தது என்று எனக்குப் படுகிறது.

அப்புறம் ஹீட் சோக். "வெப்ப ஊறல்" என்றார் ஒருவர், அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஊற வைக்க நீர் வேண்டும் என்று மனம் தேடுகிறது. எஞ்சினை அணைத்ததும் விசிறியும் நீரோட்டமும் நின்றுவிடும், இரும்பில் இருக்கிற சூடு போக வழியில்லாமல் மூடிக்குள்ளேயே ஏறும், கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் கொதிக்கும், சாப்பிட்டுவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பாது. காற்றே இல்லாத இந்தச் சூட்டுக்கு நம்மிடம் "புழுக்கம்" இருக்கிறது, புழுங்கலரிசியில் அதே வேர். "எஞ்சின் புழுக்கம்" என்று எழுதினால் விளக்கமே தேவைப்படாது.

வேப்பர் லாக்குக்கு (குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி ஓட்டத்தை அடைப்பது) "ஆவியடைப்பு" எல்லோரும் ஒப்புக்கொண்டதுதான். பின்னாலுள்ள டாங்கிலிருந்து பம்ப் உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைகிறது, எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு, அதனால் சீக்கிரமே ஆவியாகிவிடுகிறது என்பதை மட்டும் விளக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அனல்தட்டி பிடிக்காதவர்கள் வேறு சொல் தாருங்கள், மாற்றிக்கொள்கிறேன். தள்ளி நிற்பது அதில் தெரிந்தால் போதும். தட்டியைத் தாங்கும் சின்ன முட்டுக்குழாய்க்குப் பட்டறையில் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள், அந்த இடத்தை இன்னும் காலியாக விட்டிருக்கிறேன்.